காலை ரயிலுக்குப் பின் வரும் ஏரி

காலை ரயில் போன பிறகுதான் அந்த ஊருக்கு ஏரி வரும். மாலை ரயில் வந்து நிற்பதற்குள் போய்விடும். வீடுகள் முடிகிற இடத்தில் தொடங்கி எதிர்மேட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் விரிந்து கிடக்கிற புல்வெளிதான் அதன் இடம். நகரத்து வேலைக்கென்று அந்த ஊரில் வந்து குடியேறியவர்களில் கடைசி ஆளும் ரயிலேறி, பெட்டிகள் வளைவில் மறைந்ததும், புல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, கணுக்கால், இடுப்பு, தலைக்கு மேல் என்று ஏறும். அவர்களில் ஒருவர் ஊரில் தங்கிவிட்டாலும் அன்றைக்கு வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அது வந்ததே இல்லை. ஊர்க்காரர்கள் இதை ஒரு பேச்சாக எடுப்பது குறைவு. பால் வண்டி வந்துபோவதைப் பற்றி யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களா?

லிஃப்ட் மெக்கானிக் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில். மனைவியையும் மகளையும் சொந்த நாட்டில் விட்டுவிட்டு முதலில் தான் மட்டும் வந்து, நகரத்தில் தன்னைப் போன்ற ஆட்களோடு ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்த காலம் அது. அவர்கள் விசா கைக்கு வருவதற்குள் வீடு பார்த்தாக வேண்டும். வாராவாரம் ரயிலேறி, ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி நாக்குத் தள்ள அலைந்தான். நகரத்தை ஒட்டிய ஊர்களில் அவன் சம்பளத்துக்குக் கிடைத்ததை வீடு என்று சொல்ல முடியாது, வீட்டின் ஒரு மூலை என்று வேண்டுமானால் சொல்லலாம். ஓரிடத்தில் சமையலறையிலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள். இன்னோரிடத்தில் நம் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரரால் அவர் ஜன்னலைத் திறக்க முடியாது. தண்டவாளம் நீள நீள வாடகை இறங்கியது, பயண நேரம் ஏறியது. இரண்டும் ஒருவாறு கைகுலுக்கிக்கொண்ட இடத்தில் இந்த ஊர் இருந்தது.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். லேபிளைப் படிக்காமல் எதையும் வாங்கமாட்டாள். போனில் அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவனிடம் அன்றைக்குப் பதில் இருந்தது. ஸ்கூல் தெருமுனையில். வெயில் இரண்டு அறையிலும் விழுகிறது. ஆஸ்பத்திரி?

"எதிர்லயே இருக்கும்மா. புல்வெளிய தாண்டினா ஆஸ்பத்திரி. பொடிநடையா போய்டலாம்."

"வெள்ளம் கிள்ளம் வர்ற இடமா? கேட்டீங்களா?"

"அட, ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. ஆடு மேய்ஞ்சுக்கிட்டிருக்கு."

அவன் பொய் சொல்லவில்லை. ஆடு மேய்ந்துகொண்டுதான் இருந்தது. புல்லில் ஆங்காங்கே படகுகள் கட்டிக் கிடந்ததையும் பார்த்தான். பூங்காக்களில் பழைய பீரங்கியை நிறுத்திவைப்பதில்லையா, அப்படி அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

குடும்பம் வந்து சேர்ந்து, அவன் வேலைக்குப் போன முதல் நாள் மாலை, கதவைத் திறந்த மகளின் தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வீட்டில் எல்லாரும் அவளைக் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு வயது. "அப்பா, ஏரி வந்துச்சு" என்றாள். குளியல் தொட்டியைச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். சமையலறைத் தொட்டியில் இரண்டு மீன்கள் வாலை அடித்துக்கொண்டிருந்தன. மனைவி துண்டால் காதைத் துடைத்தபடி நடந்ததைச் சொன்னாள்.

"மொதல்ல எனக்கும் கையும் ஓடல, காலும் ஓடலைங்க. அப்புறம் பாத்தா எல்லாரும் அவங்கவங்க பாட்டுக்குத் துணி அலசறாங்க, பசங்க தொபுக்கடீர்னு குதிக்குதுங்க. நான் மட்டும் எதுக்குப் பயப்படணும்?"

அவன் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். புல் காய்ந்துதான் இருந்தது. ஆனால் ஒரு நத்தை, தப்பான இடத்தில் இறங்கிவிட்ட பயணியைப் போல, மெதுவாக எங்கோ போய்க்கொண்டிருந்தது.

அவநம்பிக்கை கொள்ள நேரம் வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது இல்லை. விடிவதற்குள் கிளம்பி, எள் போட்டால் விழாத பெட்டியில் நின்றுகொண்டே தூங்கி, பகலெல்லாம் உயரமான கட்டிடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் கம்பியில் தொங்கி, பொழுது சாய்ந்து திரும்புகிறவன், வீட்டில் சொல்வதை நம்பிவிடுவதுதான் சுலபம். அதனால் நம்பினான். இரண்டு வருஷங்கள் அப்படிப் போயின. கட்டெறும்பு மிதக்கக் கற்றாள், பிறகு நீந்த, பிறகு கண்ணைத் திறந்துகொண்டு முங்க. முன்பெல்லாம் குழாயடியில் நிற்கவே பயந்த மனைவி, தெருவின் தபால்காரம்மாவோடு படகில் போய் எதிர்க்கரையில் கடிதம் கொடுத்துவிட்டு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் அம்மாவும் மகளும் பேசுகிற பேச்சில் அவனுக்குப் புரியாத ஊர்கள் முளைத்தன. பச்சை மூலை, பெரிய குளிர், ஆட்டுப் பாறை எல்லாம் தண்ணீருக்குள் இருந்த இடங்கள். அவன் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவான். தன் வீட்டில் தானே விருந்தாளி போலத் தோன்றும் அவனுக்கு.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் லீவு போட்டான். மகள் முங்கி எழுவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. அவன் ரயிலேறாததைப் பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியை அசைக்கத் தயங்கினார், பிறகு அசைத்தார். மெக்கானிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் புல்வெளி ஓரத்தில் போட்டு உட்கார்ந்தான். ஊர் மெல்ல மெல்லக் கூடியது. நீச்சல் உடையில் பிள்ளைகள், துணி மூட்டையோடு பெண்கள், வலையைத் தோளில் போட்ட மீன்காரர். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வணக்கம்கூடச் சொன்னார்கள். அவனைச் சுற்றி நின்று புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் கழித்து மகள் வந்து அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நீங்க எப்ப வேலைக்குப் போவீங்க?"

அடுத்த ரயிலுக்குப் போய்விட்டான். எங்கே போவதென்று தெரியாமல் நகரம் வரைக்கும் போய், ஸ்டேஷனில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, மாலையில் எல்லாரோடும் திரும்பினான். மகளின் தலை நனைந்திருந்தது. ஊரில் காய்ச்சல்காரர்களைக்கூட ஏன் கம்பளி சுற்றி, பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக் கொடுத்து ரயிலேற்றிவிடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. வேறு ஊர் பார்க்கலாமா என்று மனைவியிடம் ஒருதரம் கேட்டுப் பார்த்தான்.

"எங்க போறது? நீங்கதான எல்லா ஊரும் பாத்தீங்க" என்றாள் அவள். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அப்போது அவள் வயிற்றில் இரண்டாவது பிள்ளை ஐந்து மாதம்.

அந்தப் பிள்ளை அவசரக்காரனாக இருந்தான். சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னால், நட்டநடுப் பகலில் வலி கண்டது. மெக்கானிக் அப்போது ஒரு லிஃப்ட் கூண்டின் மேல் குந்தி கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். போன் வந்ததும் எண்ணெய்க் கையோடு ஓடினான். ரயிலில் ஏறி, கதவோரம் நின்று, வாய்க்கு வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டான். அதே நேரத்தில் தபால்காரம்மா பைகளைக் கரையில் வீசிவிட்டு அவன் மனைவியைப் படகில் படுக்கவைத்திருந்தாள். சாலை வழியாகப் போவதென்றால் மலையைச் சுற்ற வேண்டும். நேராகத் தண்ணீரில் போனால் அரை மணிகூட ஆகாது. கட்டெறும்பு அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரயில் முந்தின ஸ்டேஷனை நெருங்கும்போது அவன் போன் அடித்தது. தபால்காரம்மா.

"எங்க இருக்கீங்க நீங்க?"

"இதோ வந்துட்டேங்க! அடுத்த ஸ்டேஷன்தான்."

"வராதீங்க! எறங்குங்க மொதல்ல. தண்ணி வத்துது. துடுப்பு சேத்துல குத்துது."

அவனுக்கு ஒரு நொடி ஒன்றும் ஏறவில்லை. பிறகு புரிந்தது. ஏரி பாதிப் பகலில் வற்றினால் அடியில் சேறு, மாலை வரைக்கும் இளகிக் கிடக்கும். அதில் படகும் போகாது, காலும் ஊன்ற முடியாது. கதவு மூடப்போகிற சமயத்தில் வெளியே பாய்ந்தான். பாய்ந்து, பிளாட்பாரத்தில் நின்று, "எறங்கிட்டேன், எறங்கிட்டேன்" என்று போனில் கத்தினான். அந்தப் பக்கம் மனைவி முனகுவது கேட்டது. தண்ணீர் வற்றுவது நின்றதாம். ஆனால் ஏறவில்லை. படகு ஆட்டுப் பாறைக்குப் பக்கத்தில் தட்டிக்கொண்டு நின்றது.

"இன்னும் கொஞ்சம் தூரமா போங்க" என்றாள் தபால்காரம்மா. அவள் குரல் கெஞ்சியது. "தயவுசெஞ்சு போய்டுங்க."

எதிர்ப் பிளாட்பாரத்தில் நகரத்துக்குப் போகிற ரயில் நின்றுகொண்டிருந்தது. மெக்கானிக் மேம்பாலப் படியில் தாவி ஏறி இறங்கி அதில் நுழைந்தான். பிரசவ வலியில் துடிக்கிறவள் ஒரு பக்கம் கிடக்க, அவளுக்கு அடியில் தண்ணீர் நிற்கவேண்டும் என்பதற்காக அவன் மறு பக்கம் போனான். பெட்டியில் இருந்தவர்கள் எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிற ஆளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். போன் இப்போது மகளின் கைக்கு மாறியிருந்தது.

"அப்பா, அழாதீங்க. பாறை முங்கிடுச்சு."

"அம்மா எப்படிடா இருக்கா?"

"கத்தறாங்க. படகு நல்லா போகுது. நீங்க இன்னும் போறீங்களா?"

"போறேன்டா. போய்க்கிட்டே இருக்கேன்."

"இன்னும் போங்க அப்பா. ஆஸ்பத்திரி படி தெரியுது. ஆளுங்க ஓடி வர்றாங்க." பிறகு கொஞ்ச நேரம் துடுப்புச் சத்தமும் யார் யாரோ பேசுகிற சத்தமும். பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு புதுக் குரல் வீறிட்டது. படகு கரையில் முட்டுவதற்கும் பிள்ளை வெளியே வருவதற்கும் சரியாக இருந்ததென்று ஆஸ்பத்திரி நர்ஸ் பின்னால் சொன்னாள். மெக்கானிக் அந்தக் குரலைக் கேட்டபோது ரயில் நகரத்தின் கடைசி ஸ்டேஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து அதற்கு மேல் தூரமாகப் போக அந்தத் தண்டவாளத்தில் இடமில்லை.

மாலை ரயிலில் மற்றவர்களோடு வந்திறங்கி, புல்வெளியின் குறுக்கே நடந்து, பிள்ளையைப் பார்த்தான். மகன். கையில் வாங்கி முகர்ந்தான். ஏரிக்கு அந்த வாசனையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நல்லவேளைங்க, நீங்க வரல" என்றாள். அவனுக்கு அதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பின் வருஷங்கள், ரயில் பெட்டிகள்போல, ஒன்றின் பின் ஒன்றாக ஒரே நிறத்தில் ஓடின. மகன் நடப்பதற்கு முன் நீந்தினான். மனைவி எதிர்க்கரை ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, படகில் போய், வேலை முடிந்து நடந்து வந்தாள். ஊர் வேலை என்பதால் அவள் இருப்பது தண்ணீர் வருவதற்குத் தடையில்லை. கட்டெறும்பு வளர்ந்து, ஏரியை இக்கரையிலிருந்து அக்கரைக்கு யாரையும்விட வேகமாகக் கடக்கிறவள் ஆனாள். அவள் கடந்த நேரமெல்லாம் மெக்கானிக் ஏதோ ஒரு கட்டிடத்தின் குழிக்குள் இருந்தான். படிப்பு முடிந்ததும் அவள் வேலை தேடினாள். ஊரில் இருந்த வேலைகள் சொற்பம். படகோட்ட ஆள் இருந்தது, தபாலுக்கு ஆள் இருந்தது, பள்ளியில் இடமில்லை, ஆஸ்பத்திரியில் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். நகரத்தில் ஒரு கட்டிட வரைபட அலுவலகம் அவளைக் கூப்பிட்டது.

மெக்கானிக் மகளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதற்கு முன் கிடையாது. "அவசரப்படாதடா. இன்னும் கொஞ்ச நாள் பாரு. நான் சம்பாதிக்கிறேன்ல. நீ சும்மா இரு, நீந்திக்கிட்டு இரு" என்றான்.

"எவ்ளோ நாளைக்குப்பா?" என்றாள் அவள். அவள் ஞாயிற்றுக்கிழமை போய் ரயில் பாஸ் எடுத்துவந்தாள். மேஜை மேல் வைத்தாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை பகல் முழுவதும் கட்டெறும்பு தண்ணீரிலேயே இருந்தாளாம், உதடு நீலம் பாரித்த பிறகும் ஏறவில்லையாம் என்று மகன் சொன்னான். சனிக்கிழமையும் மெக்கானிக்குக்கு வேலைதான்.

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் சேர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். கூட்டத்தில் எங்கே நின்றால் மூன்றாவது ஸ்டேஷனில் உட்கார இடம் கிடைக்கும், எந்தக் கதவில் காற்று வரும், நின்றுகொண்டே தூங்குவதற்கு முதுகை எங்கே சாய்ப்பது என்று அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். அவளுக்குச் சொல்லித்தர அவனிடம் அதுதான் இருந்தது. அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ரயில் வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தாள். புல் காய்ந்து நின்றது. அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்து இருவரும் திரும்பியபோது மகன் தலை துவட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்குத் தண்ணீர் சரியான நேரத்துக்கு வந்தது, வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது, பச்சை மூலையில் புதிதாக ஒரு மீன் கூட்டத்தைப் பார்த்தேன் என்றான். மெக்கானிக் மகளுக்குத் தட்டை எடுத்துவைத்தான். அப்பாவும் மகளும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள்.