பகல் பாய்

குடைக் கம்பியால் என் விலாவில் குத்தி எழுப்பினாள் அவள்.

"யாருய்யா நீ? என் புருஷன் ரூம்ல உனக்கென்ன வேலை?"

ராத்திரி பூராவும் துணி கோடவுன் வாசலில் காவல் நின்றுவிட்டு வந்து படுத்தவன் நான். தூக்கம் அப்போதுதான் பிடித்திருந்தது. கண்ணைத் திறந்தால் தலைமாட்டில் ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் ஒரு கோணிமூட்டை, பக்கத்தில் கவிழ்த்த கூடைக்குள் ஒரு கோழி. கோழியும் என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தது.

"இது என் ரூம்" என்றேன்.

"இன்னொரு தடவை பொய் சொன்னே, கத்தி ஊரைக் கூட்டிடுவேன்."

அவள் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. மாடிப்படி முழுக்க ஏற்கெனவே தலைகள். வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள். "பகல்ல இவன், ராத்திரி உன் புருஷன். ஒரு ரூம், ஒரு பாய், ஆளுக்குப் பாதி வாடகை. இதுல சண்டை போட என்னம்மா இருக்கு?" என்று சொல்லிவிட்டு, "அது சரி, இந்தக் கோழி யாரோடது?" என்றாள்.

அவளுடைய புருஷன் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். நான் வைத்த பெயரும் மூட்டைதான். அவன் எழுந்து போகும்போது நான் வருவேன். நான் எழுந்து போகும்போது அவன் வருவான். வாசற்படியில் எதிரும் புதிருமாக நிற்கிற அந்த நேரம்தான் எங்கள் சகவாசம். அதிலும் பேச்சு கிடையாது, ஏச்சுதான். அவன் தலை எண்ணெயில் தலையணை ஊறிக் கிடக்கும். என் பீடி வாடை அவனுக்குக் குமட்டும். அவன் உடம்புச் சூடு ஆறாத பாயில்தான் நான் தினமும் படுத்தாக வேண்டும். கண்டவன் விட்டுப் போன சூட்டில் முதுகை வைப்பது எவ்வளவு எரிச்சல் என்பது படுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

யார் சொல்லியும் அவள் நம்பவில்லை. என் காக்கிச் சட்டை ஆணியில் தொங்குவதைக் காட்டினேன். "என் புருஷன் இரக்கப்பட்டு மாட்ட விட்டிருப்பாரு" என்றாள். சாயங்காலம் மூட்டை வந்தான். வாசலிலிருந்தே பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். ரூம் அவனுடையது, நான் வந்து போகிறவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிற கெஞ்சல். ஒன்றாக இருந்த காலம் முழுக்க என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாதவனுக்கு நான் எதற்குப் பரிந்து பேச வேண்டும்?

"சொல்லுய்யா, ராத்திரி மட்டும்தானே உன்னுது?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். அவளுக்கு அது போதும். குடையை எடுத்து அவனை விளாசினாள். அடி ஒவ்வொன்றுக்கும் நடுவே கதையும் வந்தது. ஊரில் ஒரு பண்ணைவீட்டுத் தொழுவத்தில் வேலை. தொழுவத்தை ஒட்டி ஒரு குடிசை, அதுவும் பண்ணைக்காரர்களுடையது. வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும். அந்த வீட்டம்மா ஏதோ சொல்லித் திட்டியிருக்கிறாள். இவள் கூடையைக் கீழே போட்டுவிட்டு, "எம் புருஷனுக்கு டவுன்ல ரூம் இருக்கு. உன் சாணியை நீயே அள்ளிக்கோ" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கிளம்பும்போது தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள அந்தக் கோழி ஒன்றுதான் இருந்ததாம்.

"ஜன்னல் இருக்கு, ஃபேன் இருக்குன்னு அளந்தியே! அந்த தைரியத்துலதானே பேசிட்டு வந்தேன். இப்ப நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு திரும்பிப் போவேன்?"

ஜன்னலும் இருந்தது, ஃபேனும் இருந்தது. பாதி நாள் அவனுடையது இல்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறான். அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டு அங்கேயே குடிசையில் கிடக்கிற என் பெண்டாட்டியிடம் நானும் அதே ஜன்னலையும் அதே ஃபேனையும்தான் சொல்லி வைத்திருந்தேன். பாதி வாடகை கொடுக்கிறவன் முழுப் பெருமை பேசக் கூடாது என்று சட்டம் ஏதும் இருக்கிறதா என்ன?

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது சண்டை. ராத்திரி அவர்கள் இருவரும் உள்ளே. பகலில் அவளுக்குப் போக்கிடம் இல்லை. வீட்டு வேலை கேட்டுத் தெருத்தெருவாக அலைந்தாள். தெரியாதவளை யார் உள்ளே விடுவார்கள்? மாடிப்படியில் உட்கார்ந்தால் கோழி எச்சம் போடுகிறது என்று வீட்டுக்காரம்மா விரட்டினாள். அதனால் கோழியோடு உள்ளே வந்துவிட்டாள். நான் கண்ணை மூடினால் பாத்திரம் உருளும். போர்வையை இழுத்துப் போர்த்தினால் விளக்குமாறு காதோரம் வந்து போகும். அவள் ஓய்ந்தால் கோழி தொடங்கும்.

எனக்குத் தூக்கம்தான் பிழைப்பு. பகலில் தூங்காதவன் ராத்திரி எப்படி விழித்திருப்பான்? எங்கள் சூப்பர்வைசருக்கு ஒரு கெட்ட பழக்கம். பூனை மாதிரி வந்து, தூங்கி வழிகிற காவல்காரனை செல்போனில் படம் எடுப்பான். என்னை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தான். "இன்னொரு படம் எடுக்க வச்சே, சீட்டு கிழிஞ்சுடும்" என்று சொல்லியும் விட்டான். இதை வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி அழுதேன். "வாடகை வந்தா சரி. மத்ததை நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தேன். "நீ வேணும்னே பண்றே."

"ஆமா, வேணும்னேதான்" என்றாள். ஒளிவு மறைவே இல்லை. "உன் வேலை போனா நீ போவே. நீ போனா பகலும் எங்களுக்கு. எனக்கு இருக்க இடம் வேணுமா வேணாமா?"

"கோழியைத் திருகிப் போட்டுடுவேன்."

"தொட்டுப் பாரு."

தொடவில்லை. அவள் கையில் குடை இருந்தது. அவள்மேல் எனக்கு வந்த வெறுப்பு இவ்வளவு அவ்வளவு இல்லை. நாசமாய்ப் போ என்று வாய்விட்டே சொன்னேன். அவளும் அதையே, இன்னும் விலாவாரியாக, எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

அவள் நினைத்ததே நடந்தது. நின்றபடியே தூங்கியிருக்கிறேன். கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேரே செல்போன். சூப்பர்வைசர் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டான். அது கம்பெனிச் சட்டையாம். பனியனோடு தெருவில் நடந்து ரூமுக்கு வந்தேன். மூட்டை வேலைக்குப் போயிருந்தான். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு வெறும் ஆணியைப் பார்த்தாள்.

"சீட்டு கிழிஞ்சாச்சு. சந்தோஷமா?" என்றேன்.

"சந்தோஷம்தான்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். அன்றைக்கென்று சத்தமே வரவில்லை. பாயில் விழுந்தேன். தூக்கம்தான் வரவில்லை.

அப்போது போன் அடித்தது. என் பெண்டாட்டி. என் போனில் காதில் வைத்துக் கேட்கிற பாகம் எப்போதோ போய்விட்டது. யார் பேசினாலும் ரூம் முழுக்கக் கேட்கும்.

"மேஸ்திரி இன்னைக்கு என்மேல கல்லை விட்டெறிஞ்சுட்டான். தோள்பட்டை வீங்கிப் போச்சு. இனிமே முடியாதுப்பா. நான் வந்துடட்டுமா?"

"இப்ப... பாக்கலாம்" என்றேன்.

"என்ன பாக்கலாம்? உனக்குத்தான் ரூம் இருக்கே. ரெண்டு பேருக்கு இடம் போதாதா?"

வேலை போய்விட்டது என்று சொல்லலாம். ரூம் என்னுடையது இல்லை என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் இத்தனை நாள் ஓட்டிய படம் கிழிந்துவிடும். நான் தயங்கினேன். அவ்வளவுதான், என் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள் மூட்டையின் பெண்டாட்டி.

"இந்தா, கேளு. இங்க ரூமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உன் புருஷன் உன் காதுல பூ சுத்தியிருக்கான். யாருக்கும் எதுத்துப் பேசிடாதே. கை கால்ல விழுந்தாவது அங்கேயே இரு. வந்துடாதே!"

கோபத்தில்தான் கத்தினாள். வேறு எப்படியும் பேச அவளுக்குத் தெரியாது. ஆனால் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. தனக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் அதில் இருந்தது எனக்கே புரிந்தது.

போனில் சீறிக்கொண்டு வந்தது என் பெண்டாட்டியின் குரல்.

"யாருடி நீ? என் புருஷன் ரூம்ல உனக்கென்ன வேலை?"

"அய்யோ, அதில்லம்மா, நான்..."

"ஓகோ! இதுக்குத்தான் பாக்கலாம் பாக்கலாம்னு இழுத்தானா? என்னை வரவேணாம்னு சொல்ல நீ யாருடி?" போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டாள் போலிருக்கிறது. தூரத்தில் ஒரு ஆண் குரல் வேலையைப் பார் என்று அதட்டியது. கல் சுமக்கும் பலகை விழுந்து கற்கள் சரியும் சத்தம் கேட்டது. "போடா மேஸ்திரி! உன் கல்லை நீயே சுமந்துக்கோ. உன் குடிசையையும் நீயே வச்சுக்கோ. எனக்கு டவுன்ல ரூம் இருக்குடா!" மறுபடி குரல் எங்களிடம் திரும்பியது. "அடியே, அங்கேயே இரு. இதோ கிளம்பிட்டேன்."

போன் நின்றது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அவள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். நான் பாயில், அவள் தரையில், நடுவில் கோழிக்கூடை. அதற்குமேல் அந்த அறையில் ஒருவர் கால் நீட்ட இடமில்லை. திட்டுகிற அதே குரலில்தான் கேட்டாள்.

"வர்றாளே, எப்பய்யா படுப்பா அவ? பகல்லயா, ராத்திரியிலயா?"