டேங்கை நிரப்பிக் கொடுத்தவர்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு டோரதி டீச்சர் காரில் சாவியைப் போட்டுத் திருப்பினார். ஸ்டார்ட் செய்வதற்காக அல்ல, பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காக. கடைசிக் கோட்டில் படுத்துக் கிடக்க வேண்டிய முள் விறுவிறுவென்று ஏறி உச்சியில் போய் நின்றது. டோரதி சாவியை உருவிவிட்டு மறுபடியும் போட்டார். முள் மறுபடியும் உச்சிக்கே போனது.

“என்னங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில், உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் ஆசீர் எச்சில் கையோடு ஓடி வந்தார்.

“டேங்க் ஃபுல்லா இருக்கு.”

“நல்லதுதானே?”

அந்த நேரத்தில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை உண்டென்றால் அது இதுதான். ஆசீர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர், ஆனால் கார் விஷயத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கதவைத் திறப்பதும் மூடுவதும்தான்.

டோரதி உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். வயது நாற்பத்தாறு. வாரம் முழுக்கப் பிள்ளைகளை நடுங்க வைத்துவிட்டு, வருடத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர் டிராக்கில் ரேஸ் ஓட்டுவார். அவருடைய சின்ன நீலக் காரும் பார்க்கத்தான் சாது. டர்போ வண்டி, போதாததற்கு எஞ்சினின் சக்தியையும் கூட்டியாகிவிட்டது. எஞ்சினுக்குப் பசி கூடிவிட்டது, அதற்குப் பெட்ரோல் ஊட்டும் பம்ப் மட்டும் பழைய பம்ப்தான். போன ரேஸில் அது காலை வாரிவிட்டது. நீளமான நேர்ப்பாதையில் நாலாவது கியரில் டோரதி அழுத்தியபோது வண்டி விக்கியது. விக்குகிற வண்டியை விடாமல் அழுத்தினால் எஞ்சின் வெந்து போகும் என்று அவருக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஒன்பது பெண்களில் ஒன்பதாவதாக வந்தார்.

கடைசியாக வந்ததுகூட அவருக்குப் பெரிதில்லை. காலை எடுக்க வேண்டி வந்ததே, அதைத்தான் ஆறு மாதமாகத் தாங்க முடியவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட அந்த வலது கால் அவருக்கு நினைவு வந்துவிடும். நாளைக்கு மறுபடியும் ரேஸ். அந்த நேர்ப்பாதையை ஒரே ஒரு தடவை காலை எடுக்காமல் ஓட்டி முடிக்க வேண்டும். கடவுளிடம் அவர் கேட்டது அவ்வளவுதான்.

அதற்காகப் பெரிய பம்ப் ஒன்றை வரவழைத்திருந்தார். அதை ஒரு ஒர்க்ஷாப்பில் கொடுத்து மாட்டியிருக்கலாம். ஆனால் அங்கே இருந்தவர், “விட்டுட்டுப் போங்க மேடம், சாயந்திரம் சார் வந்து எடுத்துக்கட்டும்” என்று சொல்லித் தொலைத்தார். டோரதி பம்ப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தன் கையால்தான் மாட்டுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பம்ப் இருப்பது டேங்குக்கு உள்ளே. பின் சீட்டைத் தூக்கினால் ஒரு மூடி, மூடிக்குக் கீழே டேங்கின் வாய். டேங்க் நிறைந்திருக்கும்போது அதைத் திறப்பது, விளிம்பு வரை ரசம் இருக்கிற குண்டானுக்குள் கையை முழங்கை வரை விட்டுக் கரண்டியைத் தேடுகிற மாதிரி. வழிவது ரசமாக இருந்தால் துடைத்துவிடலாம். பெட்ரோல் வழிந்தால் என்ன ஆகும் என்று வேதியியல் டீச்சருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு வாரமாகப் பெட்ரோலே போடாமல், முள் அடியைத் தொடுகிற வரைக்கும் ஓட்டி வைத்திருந்தார்.

முந்தின நாள் எதிர்வீட்டுப் பிச்சமுத்து வந்து காரைக் கேட்டபோது இன்னும் சந்தோஷப்பட்டார். பிச்சமுத்து துறையூர்க்காரர், வெங்காய மொத்த வியாபாரி. அவர் மனைவி பாப்பாயிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. கண் தெளிந்ததும் முதலில் ரெங்கநாதரைப் பார்ப்பதாக அந்த அம்மாள் வேண்டிக்கொண்டிருந்தார். வெங்காய வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் கண்ணில் தூசி விழும். “தாராளமா எடுத்துட்டுப் போங்கண்ணே” என்று டோரதி சாவியை நீட்டினார். உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் போய் வந்தால் மிச்சமிருக்கும் பெட்ரோலும் குறையும் என்று மனதுக்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டார்.

இப்போது அந்தப் பிச்சமுத்துவே வாயெல்லாம் பல்லாகத் தெருவைக் கடந்து வந்தார்.

“டீச்சர், முள்ளப் பாத்தீங்களா?”

“பாத்தேண்ணே.”

“நேத்து காவேரிப் பாலத்துல போகயில பாக்கறேன், முள்ளு தரையில கெடக்கு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. குழம்பு வாங்கின கிண்ணத்தக்கூட எங்க வீட்ல வெறும் கிண்ணமாத் திருப்பிக் குடுத்ததில்ல. டீச்சர் வண்டிய வெறும் வண்டியா விடுவனா? கழுத்து வரைக்கும் ஊத்தும்மான்னு பங்க்ல அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன்.”

இப்படிச் சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது? டோரதி கோபத்தை விழுங்கிக்கொண்டார். “ரொம்ப நன்றிண்ணே” என்றார். முகம் மட்டும் விளக்கெண்ணெய் குடித்த முகமாக இருந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து ஆசீர் இரண்டு தகரக் கேன்களையும் ஒரு ரப்பர் குழாயையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். “இது போதுமா டோரதி? முழு டேங்கையும் எடுக்கணும்னா பத்தாதே” என்றார்.

பிச்சமுத்து கேனைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். “எதுக்கு எடுக்கணும்?”

வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிற டோரதி டீச்சர், ஒரு நொடி திருதிருவென்று விழித்துவிட்டு, “பெட்ரோல்ல லேசா தண்ணி கலந்திருக்கும் போலண்ணே” என்றார். அவர் மனசு நோகக் கூடாதே என்றுதான் சொன்னார். ஆனால் பொய்யைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு பழக்கம் வேண்டும், அது அவருக்கு இல்லை.

“தண்ணியா? என் கண் முன்னாடி ஊத்தினதுல தண்ணியா?” பிச்சமுத்துவின் முகம் சிவந்தது. “இருங்க டீச்சர், இதோ வரேன். அந்தப் பொண்ணையும் முதலாளியையும் நாலு வார்த்தை கேக்காம விடறதில்ல.”

“அண்ணே, வேணாம்ணே!”

அவர் காதில் எங்கே விழுந்தது? சட்டையை மாட்டிக்கொண்டு வெங்காய வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டார். ஒரு பாவமும் அறியாத பங்க் பெண் ஒருத்தி தன்னால் திட்டு வாங்கப் போகிறாள் என்பது டோரதிக்கு அப்போதுதான் உறைத்தது. நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிப் போய் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“இறங்குங்கண்ணே. தண்ணியெல்லாம் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்.”

தெருவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். புது பம்ப், நாளைய ரேஸ், சாயந்திரம் மூன்று மணிக்குக் கிளம்பியாக வேண்டியது, டேங்க் காலியாக இருக்க வேண்டியது, ஒன்றையும் விடவில்லை. பிச்சமுத்து வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“அப்ப நான் ஒத்தாசை பண்ணல, உங்களுக்கு வேலை வச்சிருக்கேன்.”

“என் தப்புண்ணே. சாவியக் குடுக்கறப்பவே ரொப்பாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.”

பிச்சமுத்து வண்டியை விட்டு இறங்கினார். “சொல்லியிருந்தாலும் ரொப்பித்தான் இருப்பேன்” என்றார் நேர்மையாக.

டோரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு மனசும் லேசாகிவிட்டது.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. காரைப் பிச்சமுத்துவும் ஆசீரும் தெருவின் திறந்த பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டு அடுப்பையும் டோரதி அணைக்க வைத்தார். பாப்பாயி அம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் வந்து நின்று, “பாதி தோசை கல்லுல நிக்குது டீச்சர்” என்று முறையிட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. எஞ்சின் பக்கம் பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றி, அதில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைக் கேனுக்குள் விட்டார் டோரதி. ஃப்யூஸ் பெட்டியில் ஒரு துண்டு வயரைக் கொடுத்ததும் எஞ்சின் ஓடாமலேயே பழைய பம்ப் மட்டும் ஓட ஆரம்பித்தது. தன்னை வெளியே எடுப்பதற்குத் தானே வழி செய்து கொடுத்த அந்தப் பம்ப்பைத் திட்டுவதற்கு டோரதிக்கு அதன்பிறகு மனசு வரவில்லை.

இரண்டு கேனும் நிறைந்தன. டேங்கில் இன்னும் பாதி இருந்தது. “மிச்சத்த என்ன பண்றது?” என்றார் ஆசீர்.

“அத எங்கிட்ட விடுங்க” என்றார் பிச்சமுத்து. மார்க்கெட்டில் ஏலம் கூவிப் பழகிய குரல் அவருடையது. தெரு நடுவில் நின்று, “வண்டி வச்சிருக்கவங்கல்லாம் உருட்டிட்டு வாங்க, பெட்ரோல் சும்மா!” என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார். ஸ்கூட்டர், பைக், பழைய மொபெட் என்று வரிசை கட்டி நின்றுவிட்டன. ஒவ்வொன்றுக்கும் புனல் வைத்து அவரே ஊற்றினார். தன் பெட்ரோல் தெருவுக்கே போய்ச் சேருவதைப் பார்த்து அவருக்கு டீச்சர் காரை நிரப்பியதைவிட இரண்டு மடங்கு சந்தோஷம்.

பத்தரை மணிக்கு டேங்க் காலி. பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு டோரதி பின் சீட்டுக்குள் மண்டியிட்டார். டேங்க் வாயைப் பூட்டியிருந்த பெரிய வளையம் அசைய மறுத்தது. ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் செல்லமாகத் தட்டித் தட்டி அதை நகர்த்த முக்கால் மணி நேரம் ஆனது. பம்ப்பைச் சாய்த்துத் திருப்பி, அதோடு ஒட்டியிருந்த, முள்ளுக்கு அளவு சொல்லும் மிதவையின் கம்பி வளையாமல் வெளியே எடுத்தார். புது பம்ப்பை அதே சட்டத்தில் பொருத்தி, வாய்க்குப் புது ரப்பர் வளையம் போட்டு, உள்ளே இறக்கி இறுக்கினார். ஒரு கேன் பெட்ரோலைத் திரும்ப ஊற்றினார்கள். வியர்வையில் குளித்து வெளியே வந்தவரிடம் பாப்பாயி அம்மாள் ஒரு சொம்பு மோர் கொடுத்தார். டோரதி அதை நின்ற வாக்கிலேயே குடித்து முடித்தார்.

சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்கவில்லை. முள் அசையவில்லை, விளக்கு எரியவில்லை.

டோரதி இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். ஆறு மாத ஆசை கண் முன்னால் சரிவது போலிருந்தது. பிச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டார். கதவைத் திறக்கவும் மூடவும் மட்டும் தெரிந்த ஆசீர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, “டோரதி, இந்த வயர் தனியா நிக்குதே, இது இப்படித்தான் இருக்கணுமா?” என்றார்.

பேட்டரி வயர். கழற்றியதைத் திரும்ப மாட்டவே இல்லை.

மாட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுக்கடியில் புது பம்ப் இரண்டு நொடி ரீங்காரமிட்டு நின்றது. நாலு தடவை அப்படியே செய்துவிட்டு, எங்கும் கசிவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டோரதி ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது. பிச்சமுத்து கைதட்டினார், தெருவும் சேர்ந்து தட்டியது.

மறுநாள் மத்தியானம் பிச்சமுத்துவின் போன் வந்தபோது, டோரதி கோயம்புத்தூர் டிராக்கின் ஓரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், ரேஸ் முடிஞ்சுதா? எத்தனாவது?”

“ஏழாவதுண்ணே.”

பிச்சமுத்து மெதுவாகக் கேட்டார்: “நான் வேலை வச்சதாலயா டீச்சர்? நேத்து அவ்வளவு அலைச்சல் இல்லாம இருந்திருந்தா...”

“இல்லண்ணே. காலை எடுக்கலண்ணே.”

“என்னது?”

“அந்த நீட்டு ரோட்ல... நாலாவது கியர்ல... கடைசி வரைக்கும் அழுத்திக்கிட்டே போனேண்ணே. வண்டி விக்கவே இல்ல. நான் காலை எடுக்கவே இல்ல.” வேதியியல் டீச்சர், நாற்பத்தாறு வயசு, அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் மறந்து, போனைக் காதில் வைத்தபடி விசும்பி விசும்பி அழுதார். அத்தனையும் சந்தோஷம்.

போனுக்கு அந்தப் பக்கம் பாப்பாயி அம்மாளின் குரல் கேட்டது. “என்னங்க, டீச்சர் அழுவுறாங்களா? தோத்துட்டாங்களா?”

“சும்மா இரு” என்றார் பிச்சமுத்து. அவர் குரலும் உடைந்திருந்தது. “ஏழாவதா வந்து ஜெயிச்சிருக்காங்க.”