எண்பத்தாறு சதம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு விளையாட்டு ஒன்றைப் பார்க்கவும் தெரியவில்லை என்று சண்முகராசா நினைத்தார். தங்கச்சி மகன் பிரதாபனின் ஈஸ்ட் ஹாம் வீட்டுச் சுவரில் கட்டில் அளவு டிவி. அதில் அமெரிக்காவின் இரண்டு கல்லூரி அணிகள் மோதிக்கொண்டிருந்தன. பந்தைக் காலால் உதைப்பதே அபூர்வம்; பெயர் மட்டும் புட்போல். ஆனால் சோபாவில் இருந்த பிரதாபனோ அவன் கூட்டாளி றஜீவோ டிவியைப் பார்க்கவில்லை. குனிந்தபடி போனில் ஏறி இறங்கும் விலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிழவருக்கும் அதில் ஆயிரத்து இருநூறு பவுண்ஸ் கிடந்தது. பல்லுக் கட்டச் சேர்த்த காசு. மேல்வரிசைக்குப் போதும், கீழ்வரிசைக்குக் காணாது. “எங்கட சீட்டு மாதிரித்தான் மாமா, கனபேர் காசு போடுவினம்” என்று பிரதாபன் சொன்னதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். பிளேஸ்டோவில் பதினெட்டு வருசம் சீட்டுக் கட்டியவர். சீட்டென்றால் மேற்கொண்டு கேட்க அவருக்குத் தோன்றுவதில்லை.

இன்றைக்குத்தான் கேட்டார். “இந்தச் சீட்டை நடத்திற தாச்சி ஆர்?”

“தாச்சி எண்டு ஒருத்தரும் இல்லை மாமா. சிவப்புச் சட்டை வெல்லும் எண்டு பங்கு வாங்கியிருக்கிறம். ஒண்டு நாப்பத்தொரு சதம். வெண்டா ஒரு டொலர், தோத்தா ஒண்டுமில்லை. இடையிலையும் விக்கலாம்.”

“சீட்டுக் காசை ஒருத்தன் அமத்தினா அவன்ர வாசல்லை போய் இருப்பன். இதிலை ஆற்ர வாசல்லை போய் இருக்கிறது?”

“அதுக்கு உங்களுக்கு அமெரிக்க விசா வேணும் அங்கிள்” என்றான் றஜீவ்.

விலை அறுபத்திரண்டில் நின்றது. நீலச் சட்டையில் பந்து எறிபவனை நம்பித்தான் அந்த அணியே ஆடியது. அவன்மேல் மூன்று பேர் விழுந்தார்கள். அவர்கள் எழும்பினார்கள், அவன் எழும்பவில்லை. முழங்கால் போகக்கூடாத பக்கம் போயிருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றியபோது, மீசைகூட ஒழுங்காக வராத முகம். எதிரணிப் பெடியன்களே மைதானத்தில் முழந்தாளிட்டார்கள். சோபாவில் இருவரும் கை தட்டினார்கள்.

“எண்பத்தாறு” என்றான் பிரதாபன். “போட்டது ரெட்டிப்புக்கு மேலை. இனிப் பல்லு மேலும் கீழும் கட்டலாம் மாமா.”

“வித்துப்போடு.”

“கொஞ்சம் பொறுங்கோ. நூறு வரும்.”

“இப்பவே வில். நான் போட்டது மட்டும் எனக்குக் காணும். மிச்சத்தை அந்தப் பெடியன்ர காலுக்கு அனுப்பு.”

பிரதாபன் நிமிர்ந்தான். “முருகேசன் அண்ணை மனிசியின்ர ஒப்பரேசனுக்கு எண்டு எண்ணூறு பவுண்ஸ் கழிவு விட்டுச் சீட்டெடுத்தவர். அதிலை உங்களுக்கும் பங்கு வந்ததுதானே? அதை ஆற்ர காலுக்கு அனுப்பினீங்கள்?”

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. அவசரக்காரன் விட்டுக்கொடுக்கும் கழிவை மற்றவர்கள் பிரித்துக்கொள்வதுதான் சீட்டு. அந்த மாதம் தன் பங்குக்கு நாற்பது பவுண்ஸ் வந்ததும், அதில் ஆட்டிறைச்சி வாங்கிக் காய்ச்சியதும் அவருக்கு நல்ல நினைவு.

“வாங்கினனான். இல்லையெண்டு சொல்லேல்லை” என்றார். “ஆனா முருகேசு வந்து கேக்கேக்கை நான் கை தட்டேல்லை.”

“காசு ஒண்டுதானே மாமா. என்ன வித்தியாசம்?”

 

“எனக்குச் சொல்லத் தெரியாது. வித்துப்போடடா.”

பிரதாபன் இரண்டு முறை தட்டி, திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். விற்றாகிவிட்டது. டிவியில் பெடியனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உடனே கோழிப்பொரியல் விளம்பரம் வந்தது. சண்முகராசா கோட்டை மாட்டினார்.

“முடிவு பாக்கேல்லையோ அங்கிள்?”

“எனக்கு முடிஞ்சுது.”

ஹை ஸ்ட்ரீட்டில் சனிக்கிழமைச் சனம். புடவைக்கடை வாசலைத் தாண்டும்போது கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது. பிரதாபனாகத்தான் இருக்கும், விலை நூறானதைச் சொல்லவோ, சறுக்கியதைச் சொல்லவோ. அவர் எடுக்கவில்லை. “பெரிய வியாபாரம்” என்று முணுமுணுத்து, வாழைக்குலையோடு வந்தவனுக்கு வழிவிட்டு, பையை வெளியிலிருந்து கையால் பொத்தியபடி நடந்தார். கைக்குக் கீழே அது விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.