பட்டியலில் இல்லாத பரிசோதனை

குழாயடியில் இளையவள் குமட்டும் சத்தம் அன்று மூன்றாவது நாளாகக் கேட்டது. கூடத்து மேசையில் உட்கார்ந்திருந்த மூத்தவன் தலையைத் தூக்கவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்து, முன்னால் கிடந்த தாளில் ஒரு வரியை அழுத்தி அடித்தான்.

"தெருவுக்கே கேக்கற மாதிரி வாந்தி எடுக்கணும்னு என்ன இருக்கு," என்றாள் அவன் மனைவி, அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கியபடி. "வாய்ச்சவங்களுக்கு வாந்தி கூடப் பெருமைதான்."

அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே வீடு. அவரவர் மனைவியரையும் சேர்த்து நால்வருக்கும் ஒரே பேட்டரித் தொழிற்சாலை. ஆளை எடுப்பதும் அனுப்புவதும் மூத்தவனின் உத்தியோகம். முதுகுக்குப் பின்னால் அவனுக்கு 'லிஸ்ட்டு' என்று பெயர். தம்பி கம்பெனி லாரி ஓட்டுகிறான். கிளம்பிப் போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். பெண்கள் இருவரும் தகடு பிரிவில். ஈயத் தகடுகளின் பிசிரைத் தேய்த்து அடுக்குகிற வேலை. மூத்தவள் அங்கே பதினோரு வருஷம், இளையவள் எட்டு மாதம்.

மூத்தவன் முன்னால் கிடந்தது வருடாந்திர உடல் பரிசோதனைப் பட்டியல். கம்பெனிக்கு வந்துபோகும் டாக்டர் எழுதிக் கொடுத்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், காது, ரத்தத்தில் ஈயம். காதையும் ஈயத்தையும் அவன் அடித்துவிட்டான். கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தான்: 'சிறுநீர் - பொது. பெண்களுக்கு மட்டும்.'

அந்தப் பொதுவில் லேப் எதைப் பார்க்கிறது என்று அறிவிப்புப் பலகை சொல்லாது. ஆனால் போன வருஷம் பாட்டில் கொடுத்த மூன்று பெண்களுக்கு அடுத்த வாரமே ஒப்பந்தம் முடிந்தது. மூவரும் பிள்ளைத்தாய்ச்சிகள். ஊருக்கே தெரிந்த ரகசியம் அது.

இளையவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நாளைக்கு செக்கப்," என்றான் மூத்தவன். "வேலைய விடறேன்னு இன்னைக்கே எழுதிக் குடுத்துடு. போன வாரத் தேதி போட்டுக்கறேன். என் வீட்டு ஆளே மாட்டினாளான்னு நாளைக்கு மேனேஜர் கேக்கக் கூடாது."

"நான் எதுக்கு மாமா எழுதணும்?"

"எதுக்குன்னு நாளைக்கு உன் பாட்டில் சொல்லும்."

"பலகையில சிறுநீர், பொதுன்னுதானே போட்டிருக்கு?"

"வாய் ரொம்ப நீளுது. ஈயம் வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. ஏதாவது கோளாறுன்னா கம்பெனி தலையில விழும்."

"ஆகாதுன்னா லேபிள் ஒட்டற பக்கம் மாத்துங்க. வேலைய ஏன் புடுங்கறீங்க? உங்க தம்பி சம்பளத்த மட்டும் வச்சு இனிமே மூணு பேரு சாப்பிட முடியுமா?"

"ஒருத்திக்கு மாத்தினா நாளைக்கு நாப்பது பேரும் வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து நிப்பாளுங்க."

இளையவள் மேசையருகில் வந்து தாளைப் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள். அடித்த எழுத்தையும் படிக்கத் தெரிந்தது.

"ஈயத்த அடிச்சிருக்கீங்களே மாமா."

"தேடினா கிடைக்கும். கிடைச்சா பதில் சொல்லணும். தொழில் நடத்தறவன் வம்ப விலைக்கு வாங்குவானா?"

"வயித்துல இருக்கறதுக்கு ஆகாதுன்னு தெரியுது. சுமக்கறவளுக்கு ஆகுமான்னு மட்டும் பாக்க வேண்டாம். எனக்கு எட்டு மாசம்தான் மாமா. அக்காவுக்குப் பதினோரு வருஷம். அக்காவுக்கு ரெண்டு தடவை தங்காமப் போச்சே, அப்பவாச்சும் யாராவது ரத்தத்தப் பாத்தீங்களா?"

அரிவாள்மணையில் சத்தம் நின்றது.

"கிணறு வறண்டதுக்குக் கயித்தக் குத்தம் சொல்லாத," என்றான் மூத்தவன். "அவ மலடி. அதுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?"

ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் புழங்கும் சொல் அது. உப்பு கூடினாலும் அதுதான், சட்டை சரியாக மடியவில்லை என்றாலும் அதுதான். முதல் கரு மூன்றாம் மாதம், தகடு பிரிவின் கழிப்பறையில் போனது. இரண்டாவது நான்காம் மாதம். இரண்டு தடவையும் இரண்டே நாள் விடுப்பு. காரணம் என்ற இடத்தில் 'வயிற்றுவலி' என்று எழுதியவன் மூத்தவன்.

மூத்தவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். ஆறு வெங்காயம் போதும். கூடை காலியாகும்வரை நறுக்கினாள். இளையவள் எழுதிக் கொடுக்கவுமில்லை.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்தாள். இந்த எட்டு மாதத்தில் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நீ முதல் ஆளாப் போ. பாட்டில நிரப்பி என்கிட்ட குடு."

"எதுக்கு அக்கா?"

"சொன்னதச் செய். உனக்கு நல்லது பண்றேன்னு நினைச்சுக்காத. எனக்கு ஒரு கணக்கு இருக்கு."

சாப்பாட்டுக் கொட்டகையில் ஆண்களுக்கு அழுத்தம், சர்க்கரைக்கு ஊசியில் ரத்தம், கண் என்று கால்மணி நேரத்தில் முடிந்தது. பெண்களுக்கும் அதே மூன்றுதான். கூடவே அவரவர் கம்பெனி டோக்கன் எண் ஒட்டிய பாட்டிலும் கையில் கொடுத்தார்கள். போன வருஷம் ஒருத்தி குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்து மாட்டியதால், கழிப்பறை வாசலில் கூட்டிப் பெருக்கும் பெரியம்மாவை மூத்தவன் காவலுக்கு நிறுத்தியிருந்தான். தண்ணீர் கலக்காமல் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் அவளுக்கு உத்தரவு. தண்ணீர் கலக்காமல்தான் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே, கை கழுவும் தொட்டியருகில் மூத்தவள் நின்றாள். பேட்டரியில் அமிலம் உறிஞ்சிப் பார்க்கிற, ரப்பர் பல்பு வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று, உறை பிரிக்காத புதிது, அவள் கையில் இருந்தது. இளையவளின் பாட்டிலிலிருந்து உறிஞ்சி, வரிசையில் வந்த ஒவ்வொரு பாட்டிலிலும் நாலு சொட்டு விட்டாள். ஒருத்தியும் காரணம் கேட்கவில்லை. போன வருஷம் போன மூவரில் யாராவது ஒருத்தி ஒவ்வொருவருக்கும் தெரிந்தவள்தான்.

கடைசியாகப் பெரியம்மா தன் பாட்டிலை நீட்டினாள். ஐம்பத்தெட்டு வயது.

"ஏண்டி, என் புருஷன் செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. மேல போனா அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"லிஸ்ட்டு பேரச் சொல்லு," என்றாள் ஒருத்தி.

"மெதுவாடி. அந்தாளு பொண்டாட்டி இங்கதான் நிக்கறா."

மூத்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழாய் நடுங்கி, பெரியம்மாவுக்கு ஆறு சொட்டு விழுந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் லேப் உறை வந்தது. எந்த மனுஷனும் முதலில் தன் வீட்டைத்தான் தேடுவான். மூத்தவன் ஏழாம் எண்ணைத் தேடினான். மனைவியின் எண். எதிரே கூட்டல் குறி.

எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினான். திரும்ப வந்து இன்னொரு தடவை பார்த்தான். கூட்டல்தான். பையனாக இருந்தால் என்ன பெயர் வைப்பது என்பது வரை மனசு ஓடியது. பிறகு கண் தானாக எட்டுக்கு இறங்கியது. கூட்டல். ஒன்பது, கூட்டல். முதல் எண் பெரியம்மா, அவளுக்கும் கூட்டல். நாற்பத்தொன்று வரை ஒரு கழித்தல் குறி இல்லை.

லேப்காரனைக் கூப்பிட்டான்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு சார். நீங்க கேட்டதத்தான் பாத்தோம். தப்புன்னா எழுத்துல புகார் குடுங்க."

எழுத்தில் கொடுப்பதென்றால் எந்தப் பரிசோதனை என்று எழுத வேண்டும். பட்டியலில் அப்படி ஒன்று இல்லை.

மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார். "என்னய்யா, கம்பெனி நடத்தறோமா, பிரசவ ஆஸ்பத்திரி நடத்தறோமா? தகடு பிரிவு மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டு நீ உக்காந்து பிசிர் தேய்க்கறியா? கிழிச்சுப் போட்டுட்டு எல்லாருக்கும் நலம்னு எழுது."

எழுதினான். நாற்பத்தொரு தடவை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு பெண்களும் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் செருப்பைக் கழற்றவில்லை.

"யாரு செஞ்சது?"

"எத மாமா?" என்றாள் இளையவள். "யாருக்காவது சர்க்கரை கூடிடுச்சா?"

அவளை அடிக்கப் போவதுபோல ஓர் அடி முன்னால் வந்தான். மூத்தவள் மடித்த போர்வையைக் கீழே வைத்துவிட்டு இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"நான்தான் செஞ்சேன். அவள லேபிள் பக்கம் மாத்தி எழுதுங்க. இல்லைன்னா அந்தப் பாட்டில்ல என்ன பாத்தீங்கன்னு நாளைக்குக் கொட்டகையில நான் சத்தமாக் கேப்பேன்."

"உனக்கு எங்கிருந்துடி இவ்வளவு தைரியம்?"

"என் நம்பரத்தானே முதல்ல பாத்தீங்க?"

அவன் திரும்பி வாசல் கதவைச் சாத்தினான்.

"எவ்வளவு நேரம் நம்பினீங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துத் திரும்பச் செருகினான்.

"நான் மூணு மாசம் நம்பினேன். ரெண்டாவது தடவை நாலு மாசம்." அவள் குரல் உயரவில்லை. "நேத்து ஊசி போட்டு ரத்தம் எடுத்தானே, அந்த லேப் பையன்கிட்ட என் பேருக்கு மட்டும் ஈயமும் பாக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். கம்பெனி முகவரிதான் இருக்காம் அவன்கிட்ட. வெள்ளிக்கிழமை உங்க மேசைக்குத்தான் வரும்."

மூத்தவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"பிரிச்சுப் படிங்க," என்றாள் அவள். "படிச்சிட்டு, இனிமே என்னை என்னன்னு கூப்பிடறதுன்னு முடிவு பண்ணுங்க."