பச்சை நூல் பொத்தான்

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தவரில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் நாலு நாளாகக் கழற்றிய உடுப்பைப் பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, கொல்லைக் குழாயடியில் வைக்கிறார். ஆஸ்பத்திரியில் துவைக்கிற ஆள் லீவாம், யாரும் தொடக்கூடாதாம், ஞாயிற்றுக்கிழமை அவரே துவைத்துக்கொள்வாராம். எந்தப் பெண்டாட்டிக்குத்தான் வயிறு எரியாது?

அதிலும் இவள் தையல்காரி. சட்டையைப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். சாயங்காலம் ஈரத் தலையும் வேறு சோப்பு வாசமுமாக வந்து நிற்பவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நாய்ப்பண்ணைக்காரி ஞாபகம்தான் வந்தது. அங்கே எட்டுக் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு என்று இவர் தினமும் போகிறார். அவளோ போன் செய்து, "உங்க வீட்டுக்காரர் கை பட்டாலே போதும்க்கா" என்று உருகுகிறாள். கேட்டுவிடலாம்தான். கேட்டால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமே என்று வாய்க்குப் பூட்டுப் போட்டாள். அவரும் பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் பையைத் தூக்கிவந்து தையல் மெஷின் மேல் பிரித்தாள். பிளீச்சிங் பவுடர் நெடி குப்பென்று அடித்தது. சட்டையின் மூன்றாவது பொத்தான் பச்சை நூலில் தைத்திருந்தது. அந்தப் பச்சை அவள் டப்பாவில் கிடையாது. எவளோ தைத்திருக்கிறாள், தைக்கத் தெரியாதவள் வேறு. சட்டையைத் தரையில் வீசிவிட்டு அழுதாள். கடுகு, அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வளரும் ஆறு வார நாய்க்குட்டி, அந்தச் சட்டையை மெஷினடிக்கு இழுத்துப்போய்க் கடித்து விளையாடிவிட்டு அதன்மேலேயே தூங்கிப்போனது.

கம்பவுண்டர் வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"எவ்வளவு நேரமா அதும்மேல படுத்திருக்கு?"

"முதல்ல பொத்தான் தெச்சது யாருன்னு சொல்லுங்க."

"நான்தான். காயத்துக்குத் தையல் போடற நூல்ல."

பிறகுதான் எல்லாம் சொன்னார். அங்கே குட்டிகளுக்கு வந்திருப்பது பார்வோ என்கிற வைரஸ். மனுஷருக்கு ஒட்டாது, நாய்க்குட்டியின் குடலைக் கரைத்து ரத்தமாக வெளியேற்றிவிடும். எட்டில் ஐந்து போய்விட்டன. துணியில் ஒட்டினால் மாதக்கணக்கில் சாகாது. கடுகுக்குத் தடுப்பூசி திங்கட்கிழமைதான். அதுவரை காப்பாற்றத்தான் அந்தக் குளியலும் முடிச்சும். சொன்னால் பயந்துவிடுவாளே என்று சொல்லவில்லையாம்.

"நீயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

குட்டியைக் குளிப்பாட்டினார்கள். வீடு முழுக்கப் பிளீச்சிங் தண்ணீரால் துடைத்தார்கள். திங்கட்கிழமை ஊசியும் போட்டார், ஆனால் அது வேலை செய்ய நாளாகும் என்று அவருக்குத் தெரியும். அவளோ கடுகு ஒவ்வொரு தடவை வெளிக்குப் போகும்போதும் பின்னாலேயே போய்க் குனிந்து பார்த்தாள்.

சட்டைமேல் படுத்த ஐந்தாம் நாள் காலை, கிண்ணத்தை வைக்கும் முன்பே வந்து நிற்கிற கடுகு, சோற்றை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அவர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கொல்லைக் கொடியில் அந்தச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பச்சை நூல் பொத்தானையே அவள் பார்த்தாள். கடவுளே, இதை எவளாவது ஒருத்தி தைத்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டாள்.