அப்பா துப்பிய நன்மை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் மாதா கோயில் கிறிஸ்துமஸ் மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டார். "கிறிஸ்துமஸோட ஆன்மிக அர்த்தம். ஆனா கதையா இருக்கணும். கடைசியில கொஞ்சம் கண்ணு கலங்கினா போதும்" என்றார், சட்டைக்கு அளவு சொல்வதுபோல. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டிவிட்டேன்.

முதல் தொடக்கம்: குளிர் நடுக்கும் அந்த இரவில், ஏழைச் சிறுவன் ஒருவன் கோயில் வாசலில் —

வேண்டாம். வருஷம் தவறாமல் அந்தப் பையனை வாசலில் நிறுத்தி நடுங்கவிடுகிறோம். அதற்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: விளக்குகளுக்கும் பரிசுகளுக்கும் நடுவே நாம் தொலைத்துவிட்ட உண்மையான —

இது பிரசங்கம். அதைச் சாமியாரே செய்வார், சாவகாசமாகச் செய்வார்.

2

சரி, ஒரு தையல்காரி. கல்யாணம் ஆகாதவள், ஐம்பதை ஒட்டிய வயது. முன்னறையில் தையல் மெஷின். பின்னறையில், கட்டிலில், நினைவு தப்பிய அப்பா.

[அவளைப் பொறுமையின் சிகரமாகப் படைக்கத்தான் உட்கார்ந்தேன். அவள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்த சத்தத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது.]

அப்பாவுக்கு மகளின் பெயர் மறந்துவிட்டது, சாப்பிட்டது மறந்துவிட்டது. மறக்காத கேள்வி ஒன்றே ஒன்று: "நன்மை வரலையா?"*

"வரும்ப்பா."

மெஷின் ஒரு ஓரம் அடித்து முடிப்பதற்குள் மறுபடியும், "நன்மை வரலையா?"

"வரும்ப்பா. வந்தா நானே சொல்றேன். இப்ப வாய மூடுங்க."

அதைச் சொன்னதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் ஊசி உடையும். டாக்டர் வேறு சொல்லிவிட்டார்: விழுங்கும் சக்தி குறைந்துகொண்டே வருகிறது, இனி கொஞ்ச நாளில் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அதற்குமுன் ஒரு தடவையாவது அவர் நாக்கில் நன்மை பட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலை. அது நடந்துவிட்டால் அந்தக் கேள்வியும் நின்றுவிடாதா என்ற சின்ன ஆசையும் உண்டு.

* நற்கருணையை எங்கள் வீடுகளில் நன்மை என்போம். திருப்பலியில், அதாவது கோயில் பூசையில், தரும் வெள்ளை அப்பம், காகிதம்போல மெல்லியது. அது கிறிஸ்துவின் உடல். அடையாளம் என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே அவர்தான் என்கிறோம். நம்ப முடியாதவர்கள் அவள் நம்புகிறாள் என்பதையாவது நம்புங்கள்.

3

நோயாளிகளுக்கு வீடுவீடாக நன்மை கொண்டுபோகும் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்.

"இது பூசையில வைக்காத வெறும் அப்பம்மா. இதை வச்சு முழுங்கப் பழக்குங்க. கிறிஸ்துமஸுக்கு நான் நன்மை கொண்டு வர்றேன்."

அப்பா அருமையாக விழுங்கினார். மாத்திரை கொடுத்தால் மட்டும் சுவரைப் பார்த்துத் துப்புகிற அதே அப்பா. தையல்காரிக்குத் தன் தொழில் புத்தி வேலை செய்தது. ஈர விரலால் தொட்டால் அப்பம் துணிபோல வளைகிறது. நடுவில் மாத்திரையை வைத்து மடித்து ஓரத்தை அழுத்தினால் இணைப்பே தெரியவில்லை.

சில நாள் வீட்டில் நிம்மதி. பிறகு ஒருநாள் அப்பா விழுங்காமல் கடித்துவிட்டார். மாத்திரைக் கசப்பில் முகம் கோணிப்போயிற்று.

(இதை அவள் சிஸ்டரிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அடுத்த பகுதியை எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது?)

4

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சிஸ்டர் வந்தார். வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, நன்மை இருந்த சிமிழைத் திறந்தார். அப்பாவின் கைகள் தாமாகக் குவிந்தன.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்" என்றார் அப்பா, திருத்தமாக.

[இங்கேயே நிறுத்தினால் சாமியாருக்குப் பிடிக்கும். நிறுத்தத்தான் பார்த்தேன்.]

நாக்கில் அப்பம் பட்டதும் அவர் முகம் கோணியது. துப்பினார். தையல்காரியின் கை அதற்குமுன்பே அவர் மோவாய்க்குக் கீழே போயிருந்தது, பழக்க தோஷம். அப்பம் அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"துப்பாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? இதுல மாத்திர இல்லப்பா."

சிஸ்டர் நிமிர்ந்தார். "எதுல மாத்திரை இருந்துச்சு?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சிஸ்டர் சிமிழை மூடினார்.

"முழுங்கப் பழக்கத்தானம்மா கொடுத்தேன்."

"எனக்கு வேற வழி தெரியல சிஸ்டர். நீங்க மெழுகுவர்த்திய எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க. மாத்திரையோட இருக்கிறது நான்."

"சரி. ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டாங்க. அதுல கரைச்சு மண்ணுல ஊத்திடலாம். அதான் முறை. அப்பாவுக்கு அடுத்த வாரம் பாப்போம்."

"அடுத்த வாரம் குழாய் போட்டுட்டா?"

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நன்மை வரலையா?"

தையல்காரிக்கு அழுகை வந்தது. கை காலியாக இருந்திருந்தால் எதையாவது எறிந்திருப்பாள்.

5

சாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "அப்பா சிரிச்சுக்கிட்டே முழுங்கினாருன்னு முடிச்சிடுங்களேன்" என்றார். எழுதிப் பார்த்தேன். 'அப்பாவின் முகத்தில் ஒரு தெய்விகப் புன்னகை' — வெட்டிவிட்டேன்.

கிண்ணத்தில் கரைக்கலாம். முறைப்படி சரி, அப்பாவின் வாய் காலி. அவளே உட்கொள்ளலாம். ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, மனதில் அப்பாமேல் இத்தனை கோபம் இருக்கிறது, இந்தப் பாவத்தோடு நன்மை வாங்கலாமா என்று தயங்குகிறாள். மறுபடி அப்பாவுக்கே கொடுக்கலாம். உதட்டை அவர் இறுக மூடிக்கொண்டிருக்கிறார். இந்த முறை தரையில் துப்பிவிட்டால்?

சாமியார் அர்த்தம் கேட்டாரே, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடவுள் குழந்தையாகப் பிறந்தார் என்று பாடுகிறோம். குழந்தை என்றால் தலை நிற்காது. தூக்கினால் வரும், நழுவவிட்டால் விழும். எல்லாம் வல்லவர், தூக்கம் கெட்டு அலுத்துப்போன யாரோ ஒருத்தியின் கையை நம்பி வந்தார். இன்றைக்கும் அப்படித்தான் வருகிறார் என்று நம்புகிறோம். எச்சிலும் மருந்து வாடையுமான அறைக்கு வந்து அவள் கையில் கிடக்கிறார். எனக்கு இது ஆறுதலாக இல்லை, பயமாக இருக்கிறது.

தையல்காரி என்னைப் பார்த்துவிட்டாள்.

"எழுதுறீங்கல்ல, நீங்க சொல்லுங்க. என்ன செய்யட்டும்?"

எனக்குத் தெரியவில்லை, தாயே. வாசிக்கிறவர்களைக் கேள்.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்பத்தின் வடிவம் இருக்கும்வரைதான் கிறிஸ்து அதில் இருப்பார் என்பது எங்கள் மறைக்கல்வி. நனைந்த ஓரம் இப்போதே அவள் உள்ளங்கை ரேகையில் கரைய ஆரம்பித்துவிட்டது. ரொம்ப யோசிக்காதீர்கள்.