தேவாரம் கடைத்தெருவில் எழும்பிய சைக்கிள் பாதை

1938ஆம் ஆண்டு மாசி மாதத்தில், ஒரு சந்தை நாள் காலை பத்து மணிக்கு, எங்கள் ஊர் தேவாரத்தின் கடைத்தெருவில் இருந்த சைக்கிள் பாதை தரையை விட்டு எழும்பி ஆறு முழ உயரத்தில் போய் நின்றது. அன்று சந்தையில் கத்தரிக்காய் பாதிக்குப் பாதி சொத்தை. கருப்பட்டி வரவே இல்லை.

ஊரில் அப்போது இருந்தவை ஏழு சைக்கிள்கள். அவற்றில் ஒன்று மருத்துவச்சி கஸ்தூரியம்மாளுடையது. பிரசவம் பார்க்க அதில்தான் போவார். மாட்டுவண்டியோ மோட்டாரோ உரசி அவர் சாக்கடையில் விழுந்து எழுவது எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி விழுந்து, முழங்கால் பெயர்ந்து, நொண்டிக்கொண்டே அவர் கீழத்தெரு இருளம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை மூச்சில்லாமல் பிறந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி சீனிச்சாமி எழுந்து, சைக்கிளுக்கென்று தனிப்பாதை வேண்டும் என்றார். கண் கலங்கத்தான் சொன்னார்.

ஊரே கூடித் தெரு ஓரத்தில் மூன்று முழ அகலத்துக்குச் செம்மண் கொட்டி இடித்தோம். இரண்டு பக்கமும் கல் ஊன்றினோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். சாணி கரைத்து வழவழவென்று மெழுகியும் விட்டோம். சம்சாரிகள் கைபட்டால் எந்தத் தரையும் களமாகிவிடும் என்பது எங்களுக்கே தெரியாமல் போயிற்று. முதல் வாரம் ஒரு வீட்டு மிளகாய் காய்ந்தது. அடுத்த வாரம் துவரை. முதல் அறுப்பு முடிந்ததும் சீனிச்சாமியே சோளக்கதிரைக் கொண்டுவந்து பரப்பினார். சக்கரம் ஏறினால் மணி தானாக உதிரும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். சைக்கிள்காரர்களை நிறுத்தி, இன்னும் நாலு தடவை இப்படியும் அப்படியும் ஓட்டிக் காட்டுங்கள் என்று கெஞ்சினோம். ஆறு பேர் வழுக்கி விழுந்து, பழையபடி வண்டிகளுக்கு நடுவே போகத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பொறுமை போதாது என்று நாங்கள் குறைபட்டுக்கொண்டோம்.

அந்தச் சந்தை நாளில் இருளம்மாளுக்கு மறுபடி வலி கண்டது. கஸ்தூரியம்மாள் சைக்கிளில் வந்தார். தெரு முழுக்க வண்டிகள் நெரித்துக்கொண்டு நின்றன. பாதை முழுக்கச் சோளம்.

"சீனிச்சாமியண்ணே, அள்ளுங்க. இருளம்மாளுக்குத் தண்ணிக்குடம் ஒடஞ்சிருச்சாம்."

"இன்னும் ஒரு வெயிலு காஞ்சாப் போதும் ஆத்தா. இங்கன எறங்கி, அங்கன சுத்திப் போயிருங்க. ரெண்டு எட்டுதான்."

"போன தடவையும் ரெண்டு எட்டுதான்ணே" என்றார் கஸ்தூரியம்மாள். மணியை ஒரு முறை அடித்துவிட்டுச் சோளத்தின் மேலேயே மிதித்தார். அவரையும் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு பாதை எழும்பியது. சோளமும் மிளகாயும் எங்கள் தலையில் கொட்டின. வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் மேலே அவர் நேராகக் கீழத்தெருவுக்குப் போனார். அவர் போனதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. கொட்டியதில் எது யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இருளம்மாள் வீட்டிலிருந்து பிள்ளை வீறிட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. சீனிச்சாமி மடியில் அள்ளியிருந்த சோளத்தை அப்படியே கீழே விட்டார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

பிறந்தது பெண். ராஜாத்தி என்று பேர் வைத்தார்கள். பாதை இறங்கவில்லை. அளக்க வந்த சர்வேயர் உயரத்தைக் குறித்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். சைக்கிள் ஏறி இறங்க இரண்டு முனையிலும் சரிவாக மண் அடித்துக் கொடுத்தோம். வெட்கம் மூன்று மாதம் தாங்கியது. பிறகு யாரோ நடுவில் ஏணி போட்டு வடகம் காயவைத்தார்கள். பாதை இன்னும் ஒரு சாண் ஏறியது. இப்படியே நாலு வருஷத்தில் ஒன்பது முழம் ஆனபின் ஏணி எட்டாமல் போய், நாங்கள் திருந்தினோம்.

1946இல் ராஜாத்தி வாடகைச் சைக்கிள் எடுத்து முதல் தடவையாக மேலே ஏறினாள். "ஏய், கீழ பாக்காத! நேராப் பாத்துப் போடீ!" என்று கத்திக்கொண்டே இருளம்மாள் முந்தானையை விரித்துப் பிடித்தபடி கீழே ஓடினாள். கடையை அப்படியே போட்டுவிட்டு நாங்களும் கைகளை ஏந்திக்கொண்டு கூட ஓடினோம். சீனிச்சாமிதான் முன்னால். பிள்ளை விழவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடிய நாங்கள்தான் ஒருவர்மேல் ஒருவர் மோதி, மொத்தமாகச் சாக்கடையில் விழுந்தோம்.